குருகு கண்டது என்ன?

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை வகுப்பில் விளக்கும்போது மாணவர் முதலில் குறித்துக்கொள்வது, குருகின் காலுக்குத் தினைத்தாள் உவமை என்பதைத்தான். தேர்வுக்கு அது போதும், கபிலருக்குப் போதுமா?

களவிலே கூடியவன் சொல் தவறினால் தலைவி யாரிடம் முறையிடுவாள்? அன்று அங்கே இருந்தது குருகு ஒன்றே. அதுவும் ஓடுநீரில் ஆரல்மீன் வரவு பார்த்து நின்றது. கண் இருந்தது, கருத்தோ இரைமேல்! பேசத் தெரியாத பறவை என்பதால் மட்டுமா அது சான்றாகவில்லை? தன் வயிற்றையன்றி வேறெதையும் அது நோக்கவில்லை. பெண்ணின் துயர்க்கு அருகிருந்தும் வாய் திறவாத ஊரார் எத்தனை பேரை நாம் அறிவோம்!

உள்ளுறைக்கு நெறி வகுத்த தொல்காப்பியர், கருப்பொருள்களுள் தெய்வத்தை விலக்கி, ஏனையவற்றையே அதற்கு நிலைக்களன் ஆக்கினார். விலங்கும் புள்ளும் மரமும் போதும் என்ற அந்தத் துணிவை என்னென்பது! கபிலரும் இங்கே வானவரைச் சாட்சிக்கு அழைக்கவில்லை, நீர்க்கரையிலேயே நின்றுவிட்டார்.

இன்னும் ஒன்று. இரை வரும்வரை அசையாது நிற்கும் அந்தப் பொறுமை யாருடையது? தலைவனைக் கள்வன் என்றவள், அதற்குமேல் சொல்ல நாணினாள். எஞ்சியதைக் குருகு சொல்கிறது என்றே நான் கொள்வேன். உவமையோடு பாடத்தை முடிக்கும் ஆசிரிய நண்பர்கள் இதை மறுப்பாராயின், எழுதட்டும்.