விகடமும் புள்ளித்தாளும்: அணிவகுப்புப் போட்டிகளின் நகைச்சுவை பற்றிய சில குறிப்புகள்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். ஓட்டமும் பாய்ச்சலும் நடைபெறும்போது சிதறி நிற்கும் சனம், பாண்ட் வாத்தியக் காட்சியும் வினோத உடையும் தொடங்கும்போதே கயிற்றோரம் நெருங்கி வரும். இவற்றைக் கலை நிகழ்வுகளாகக் கொண்டு ஆராயும் வழக்கம் நம்மிடையே இல்லை. ஆயின் இவற்றுக்குப் புள்ளி இடப்படுகின்றது. புள்ளியிடும் இடத்தில் ஒரு திறனாய்வுக் கொள்கையும், வாய்விட்டுச் சொல்லப்படாமலேனும், தொழிற்படுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அறுகம்பேக்கு அண்மையிலுள்ள ஒரு மைதானத்தில் இத்தகைய போட்டியொன்றின் நடுவர் மேசையில் நாமும் அமர்ந்திருந்தோம். மூன்றாவதாக வந்த இல்லத்தின் பாண்ட் அணியில் தலைவன் பிந்தி ஓடிவந்தான். மேலே எறிந்த கோலைப் பிடிக்கத் தவறினான். பெரிய டிரம் ஓரடி முந்திற்று. பின்வரிசை முழுவதும் எதிர்த்திசையில் திரும்பி நடந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னர் ஓர் அடியில், ஒரே அடியில், அனைவரும் ஒரு முகமாயினர். கோல் இரண்டாம் வரிசைச் சிறுவன் ஒருவன் கையிலிருந்தது. நாம் புள்ளித்தாளைப் பார்த்தோம். சீருடை, அணி ஒழுங்கு, கோலாட்சி, தாளம் எனப் பகுதிகள் இருந்தன. கோல் விழுந்ததற்கு ஐந்து புள்ளிகளைக் கழித்தோம். வரிசை மாறியதற்கும் கழித்தோம். அந்த இல்லம் கடைசியாயிற்று.

இப்புள்ளித்தாள் எங்கிருந்து வந்தது? அணிநடை படைத்துறையிலிருந்து வந்தது. அதனை மதிப்பிடும் முறையும் படைத்துறைப் பரிசோதனையிலிருந்தே வந்தது. முழுமை என்பது முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று எண்ணுவதே நடுவரின் பணி. இம்முறையில் நகைச்சுவைக்கு இடமில்லை என்பது மட்டுமன்று, நகைச்சுவை குற்றமாகவே பதிவாகும். ஏனெனில் எதிர்பார்த்தது நிகழாமையிலேதான் விகடம் பிறக்கின்றது.

இச்சிக்கலை நம்மினும் பெரிய அளவில் எதிர்கொண்டவர்கள் அமெரிக்காவின் ‘டிரம் கோர்’ எனப்படும் முரசு எக்காள அணியினர். முன்னாள் படைவீரர் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்த இவ்வணிகளுக்கென 1972 இல் டிரம் கோர் இன்டர்நஷனல் தனது முதலாவது சாம்பியன் போட்டியை நடத்திற்று. 1983 வரையும் அங்கே ‘ரிக்’ என்ற முறை நிலவியது. நடுவர் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோடிட்டுப் புள்ளியின் பத்திலொன்றைக் கழிப்பார். இந்த முறை நிலவிய காலத்திலேயே, நியூ ஜேர்சி மாநிலத்துப் பேயோன் நகரின் பிறிட்ஜ்மென் அணியினர் படைவீரர் உடையைக் கைவிட்டு, நீண்ட மஞ்சள் மேலங்கியும் அகன்ற தொப்பியும் அணிந்து களமிறங்கினர். நிகழ்ச்சி முடிவில் அணி முழுவதும் மயங்கியதுபோல் தரையில் விழும். கண்டிப்பான ரசிகர்கள் இதனைக் கோமாளித்தனம் என்றனர். ஆயின் 1980 முதல் 1982 வரை முரசுப் பிரிவில் தொடர்ந்து முதலிடம் பெற்றவர்கள் இவர்களே. பிழை எண்ணும் நடுவர்களாலும் இவர்களின் கைகளில் பிழை காண முடியவில்லை.

1984 இலிருந்து கழித்தல் முறை நீங்கிக் கூட்டல் முறை வந்தது. இன்று அங்கு 100 புள்ளிகளில் 40 ‘பொது விளைவு’ என்ற பகுதிக்குரியவை. இது முன்னேற்றமே. எனினும் கலிபோர்னியாவின் அனஹைம் நகரத்து வெல்வெற் நைற்ஸ் போல, 1980களில் விகடத்தையே தமது அடையாளமாகக் கொண்ட அணிகள் சாம்பியன் பட்டத்தை ஒருபோதும் பெறவில்லை, பிறிட்ஜ்மெனும் பெறவில்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆயினும் அவலத்தைக் கனமானதென்றும் நகையை இலேசானதென்றும் கொள்ளும் மனப்பாங்கு புள்ளித்தாள் மாறியவுடன் மாறிவிடும் என நாம் நம்பவில்லை.

அறுகம்பேயின் கரையிலேயே வேறொரு நடுவர் மேசையும் உண்டு. அலைச்சறுக்குப் போட்டிகளில் ஒவ்வோர் அலைக்கும் பத்துக்குப் புள்ளியிட்டு, ஒருவரின் சிறந்த இரண்டு அலைகளை மட்டுமே கணக்கிற் கொள்வர். எத்தனை முறை விழுந்தான் என்று எவரும் எண்ணுவதில்லை. பாடசாலை மைதானத்துக்கும் அந்தக் கரைக்கும் இடையே நடந்து செல்லும் தூரந்தான்.

நமது அரங்க மரபு இவ்விடயத்தில் வறியதன்று. நொண்டி நாடகத்தை இங்கு நோக்கலாம். களவுக்குச் சென்று அகப்பட்டுக் காலிழந்தவன் தன் கதையைத் தானே சொல்லி ஆடுவது அதன் அமைப்பு. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரால் அமைந்த நொண்டி நாடகத்தில் அவன் மக்கா சென்று மீண்டும் காலைப் பெறுகின்றான். தமிழ் முஸ்லிம் இலக்கியத்திலும் இவ்வடிவம் வேரூன்றியிருந்தமைக்கு அது சான்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 இல் கர்ணன் போரையும் அடுத்த ஆண்டு நொண்டி நாடகத்தையும் மேடையேற்றினார். கர்ணனைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களோடு ஒப்பிட்டால் நொண்டியைப் பற்றி எழுதியவை மிகச் சொற்பம். ஆனால் ஆட்டத்தின் கடுமையை நோக்கினால் எது இலேசு? ஒரு காலை மடக்கிக்கொண்டு, தடுமாறுவதுபோலத் தோன்றி, தாளத்தைத் தவறவிடாது ஆட வேண்டும். அந்தத் தடுமாற்றத்துக்கெனத் தனி யாப்பே, நொண்டிச் சிந்து என்ற பெயரில், தமிழில் உள்ளது. அண்ணாவியார் ஒருவர் நொண்டியின் காலைப் பார்த்துப் பிழையென்று சொல்லமாட்டார். மத்தளத்தோடு அந்தக் கால் எங்கே சேர்கின்றது என்றே பார்ப்பார்.

அண்ணாவியாரின் இந்தப் பார்வையையே அணிவகுப்பு நடுவரும் கைக்கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து. தற்செயலான பிழை அடுத்த அடியையும் கெடுக்கும். அணியினர் ஒருவரையொருவர் பார்ப்பர். திட்டமிட்ட பிழையோ தாளத்துக்குள் தொடங்கித் தாளத்துக்குள் முடியும். பயின்ற காது இவ்வேறுபாட்டை உணரும். கரையோர முஸ்லிம் கிராமங்களில் பொல்லடி பார்த்து வளர்ந்த எவருக்கும், ஒரு கம்பு தப்பினால் அது தப்பியதா தப்பவிடப்பட்டதா என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுவருக்குக் காது உண்டு. புள்ளித்தாள்தான் அவரைக் கண்ணால் மட்டும் பார்க்கப் பணிக்கின்றது.

இதனோடு பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. செய்நேர்த்தி உள்ள விகடம் யாவும் போற்றற்குரியதா என்ற வினா எஞ்சுகின்றது. தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் வெவ்வேறாக நிற்கின்றன. எள்ளலை விளக்கும் பேராசிரியர் உரை, தான் பிறரை எள்ளுதலையும் தான் பிறரால் எள்ளப்படுதலையும் அதனுள் அடக்குகின்றது. ஆகவே சிரிப்பு எந்தத் திசையிற் செல்கின்றது என்ற கேள்வி நமது மரபுக்குப் புதிதன்று. வினோத உடைப் போட்டியில் ஆண்டுதோறும் வருவோர் யார்? பிச்சைக்காரர், பைத்தியக்காரர், குறவன், குறத்தி. அக்கரைப்பற்றை அண்டிய அளிக்கம்பையில் வனக்குறவர் சமூகத்தினர் வாழ்கின்றனர். அவர்களின் பிள்ளைகளும் பாடசாலை செல்கின்றனர். முகத்திற் கரி பூசிக் குரங்குப் பொம்மையோடு வரும் குறவனுக்கு ‘தத்ரூபம்’ என்று முதற்பரிசு அளிக்கும்போது, எந்தப் பிள்ளையின் தந்தையை அந்த மைதானம் பார்த்துச் சிரிக்கின்றது என்று நடுவர் எண்ணுவதில்லை. உடையில் ஒரு குறையும் இராது. கழிக்கப் புள்ளியும் இராது.

இதற்கு மாறாக, சறுக்குப் பலகையைத் தலையிற் சுமந்து, கண்ணாடியும் காற்சட்டையுமாக, கடலிருக்கும் திசையை வழியெல்லாம் விசாரித்துவரும் உல்லாசப் பயணியாக ஒரு மாணவன் வந்ததை நாம் கண்டதுண்டு. பலகை கடதாசி மட்டையினாலானது. ஒட்டு விட்டுத் தொங்கிற்று. ஆறுதற் பரிசுகூட இல்லை. தன் ஊரை விலைகொடுத்து அனுபவிக்க வருபவனை ஊரவன் நோக்கும் பார்வை அங்கு இருந்தது. அதனைப் பதிவதற்குத் தாளில் ஒரு பகுதி இருக்கவில்லை.

புள்ளித்தாளைத் திருத்துவது கடினமான காரியமன்று. போட்டிக்கு முன்னர் அணியின் பொறுப்பாசிரியர் தமது எண்ணத்தை இரண்டு வரியில் எழுதித் தரலாம். நடுவர்களுள் ஒருவர் கூத்தோ பொல்லடியோ பழக்கிய அண்ணாவியாராக இருக்கலாம். கழித்த புள்ளிக்குக் காரணம் எழுதப்படலாம். இதனைப் பாடசாலைகளிடம் எடுத்துச் சொன்னபோது, பிள்ளைகளின் விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டவர்களும் உளர். அவர்களே பரிசு கிடைக்காத இல்லத்தின் பெற்றோரோடு மாலைவரை வாதிட்டவர்கள்.

அந்த மூன்றாம் இல்லத்தின் ஆசிரியரைப் பின்னர் ஒருநாள் பொத்துவில் சந்தையிற் சந்தித்தோம். கோல் விழுவதும், ஏழாம் அடியில் இரண்டாம் வரிசைச் சிறுவன் குனியாமலே அதனைக் காலால் எற்றிக் கையிற் பிடிப்பதும் மூன்று வாரப் பயிற்சி என்றார். அச்சிறுவன் அதை அன்று பிடித்தான். நாம் அப்போது குனிந்து கழித்தல் கணக்கை எழுதிக்கொண்டிருந்தோம்.