எசூர்வேதமும் நொபிலியார்மேல் ஏற்றப்பட்ட பழியும்

பழஞ்சுவடியின் மெய்ம்மையை ஆராய்வோர் முதலில் தோலையும் மையையுமே நோக்குவர். வாசிங்டன் விவிலிய அருங்காட்சியகத்தின் சாக்கடற் சுருள் துண்டுகள் பதினாறும் போலி என 2020இல் தெளியப்பட்டது அவ்வழியிலேயே. ஆயின் 1883இல் சபீரா இலண்டனுக்குக் கொணர்ந்த உபாகமத் தோற்சுருள்கள் இன்று இல்லை. அவை மெய்யே என 2021இல் தெர்சோவிட்சு மீண்டும் வழக்காடியபோது, எஞ்சிய படிகளின் மொழியையும் அமைப்பையுமே பெரிதும் சார வேண்டியிருந்தது. புதுச்சேரியோடு தொடர்புடைய எசூர்வேதச் சிக்கலும் மொழிச் சான்றால் தீர்க்கத்தக்கதே. அச்சான்று உரிய அளவில் பயன்படுத்தப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பிரெஞ்சு மொழியில் அமைந்த இந்நூலின் படியொன்றை வால்தேர் 1761இல் பாரிசு அரச நூலகத்திற்கு அளித்தார். விவிலியத்தினும் பழமையான ஒரிறைக் கொள்கைக்கு அதனை அவர் சான்றாக்கினார். 1778இல் நூல் அச்சேறியது. 1782இல் சொன்னரா, இது மசூலிப்பட்டினத்தில் மறைப்பணியாளர் ஒருவர் இயற்றிய வாத நூல் என மறுத்தார். பின்னர் எல்லிசு, புதுச்சேரியில் இதன் மூலச் சுவடியையும் பிற வேதங்களின் பெயர் தாங்கிய சுவடிகளையும் கண்டார். ஆங்குள்ள கிறித்தவர்கள் அவற்றை நொபிலியாருடையன என்றதை அவர் பதிவு செய்தார். அவர் மறைந்தபின் 1822இல் அக்கட்டுரை வெளிவந்தது. செவிவழிச் செய்தியாக இருந்த ஒன்று அதன் பின்னர் வரலாறாகவே எடுத்தாளப்பட்டது. திராவிட மொழிகளின் உறவை 1816இலேயே நிறுவிய அறிஞரின் பெயர் அதற்கு வலுவூட்டியது போலும்.

நூலில் உரையாடுவோர் வியாசரும் சுமந்துவும் ஆவர். பிரெஞ்சுப் பனுவலில் இப்பெயர்கள் 'பியாஷ்', 'ஷுமோந்து' என ஒலிக்கின்றன. வகரம் பகரமாகவும், சகரம் ஷகரமாகவும், அகரம் ஒகரமாகவும் திரிந்துள்ளன. இம்மூன்றும் ஒருங்கே நிகழ்வது வங்காள ஒலிப்பில். தமிழர் நாவில் வியாசர் பியாசர் ஆவதில்லை. கன்னடத்தில் சொல்முதல் வகரம் பகரமாதல் உண்டு (வேர் - பேரு, வில் - பில்லு). அதுகொண்டு மைசூர் மறைப்பணிக் களத்தை ஒருவர் சுட்டக்கூடும். ஆயினும் வடசொற்களில் அகரம் ஒகரமாகும் வழக்கு ஆங்கில்லை. மசூலிப்பட்டினத்திற்கும் இத்தடை பொருந்தும். வங்காள ஒலிப்பை அறிஞர் முன்னரே சுட்டியுளர். அது படியெடுத்தவரின் ஒலிப்பேயன்றி ஆசிரியருடையது அன்று எனலாமோ எனின், பிரெஞ்சுப் பகுதியிலும் அதுவே காணப்படுவதால் அவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. 1606இல் மதுரை வந்து, தமிழிலேயே பெரும்பாலும் எழுதி, 1656இல் மறைந்த நொபிலியாரை இந்நூலின் ஆசிரியராகக் கொள்வதற்கு இடமில்லை.

இனித் தலைப்பு. வேதம் எனப் பெயரிட்டமையே மோசடி என்பர். தமிழ்க் கிறித்தவ வழக்கில் வேதம் என்பது சமயத்தையும் திருநூலையும் பொதுவாகக் குறிக்கும். வேதாகமம், சத்திய வேதம், வேதக்காரர், வேதக்கோயில் என்பன நோக்குக. 1984இல் இந்நூலை ஆராய்ந்து பதிப்பித்த உலூதோ உரோச்சர் இச்சொற்பொருளைக் கருத்திற் கொண்டது பாராட்டத்தக்கது. எசூர் என்பது இயேசுவைக் குறிக்கும் என்பாரும் உளர். உடனிருந்த சுவடிகள் ஏனைய வேதங்களின் பெயர்களைத் தாங்கியிருத்தலின் அதனை ஏற்பதற்கில்லை. அது யசுர் என்பதன் திரிபே. ஆகவே தலைப்பை முற்றும் குற்றமற்றது எனவும் கூறவியலாது.

ஆனால் எவரை ஏமாற்ற? இந்நூலில் சுமந்து கற்பிக்கிறார். வியாசர் வினவித் திருந்துகிறார். புராண மரபிலோ சுமந்து வியாசரின் மாணாக்கர். ஆசானை மாணாக்கன் திருத்தும் இத்தலைகீழ் அமைப்பு, கதை கேட்டுப் பழகிய எவருக்கும் முதல் ஏட்டிலேயே புலப்பட்டிருக்கும். பாரிசில் அதனைக் கண்டுரைக்க எவரும் இல்லை.