சட்டத்துக்குள் நுழைந்தால் சோறு

சான்பிரான்சிஸ்கோவின் ஹெயிட், ஆஷ்பரி என்ற இரண்டு தெருக்கள் கூடும் முனைதான் ஹிப்பிகளின் தலைநகரமாகப் பெயர் வாங்கியது. அந்தப் பேட்டை என்றதும் பூச்சூடிய கூந்தலும் கித்தாரும் போதையும் பலருக்கு நினைவில் வரும். நான் ரசித்துத் தீராதது ஒரு காலி மரச்சட்டம்.

1966 இலையுதிர்காலத்தில் டிக்கர்ஸ் என்ற குழுவினர் அங்கிருந்த பூங்காவில் தினமும் மாலை 4 மணிக்குச் சோறு போடத் தொடங்கினார்கள். பெரிய பால் கேன்களில் சூடான ஸ்டூ வரும். கிண்ணமும் கரண்டியும் உண்பவர் பொறுப்பு. இலவசம் ஏன் என்றால், இது உங்களுடையது என்பதால்தான் என்றது துண்டறிக்கை. உண்ண வருபவர், ஆள் புகும் அளவுள்ள, வண்ணம் பூசிய ஒரு சட்டத்துக்குள் நுழைந்து வர வேண்டும். படமில்லாத படச்சட்டம் அது.

டிக்கர்ஸில் பலர் மைம் ட்ரூப் நாடகக் குழுவில் பழகியவர்கள். மேடைவாசலைத் தாண்டியவன் வேடிக்கை பார்ப்பவனாக இருக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே என்ற பழைய காட்சியை அந்த நான்கு மரத்துண்டுகள் கலைத்துவிட்டன. உள்ளே புகுந்தவன் பிச்சைக்காரன் அல்லன், நடிகன்.

சோறு போட்ட இடத்தின் பெயரிலேயே ஒரு சிலேடை. கோல்டன் கேட் பூங்காவிலிருந்து கிழக்கே வால்போல நீளும் அந்தப் பச்சைத் துண்டுக்குப் பேன்ஹேண்டில், அதாவது வாணலிக் காம்பு என்று பெயர். அதே சொல் அமெரிக்கப் பேச்சுவழக்கில் தெருவில் கையேந்துவதையும் குறிக்கும். கையேந்தலின் பெயர் தாங்கிய இடத்தில், ஏந்தாமலே சோறு! நம் மொழி இன்னொன்றையும் கூட்டுகிறது. நமக்குச் சட்டம் என்றால் மரமும்தான், விதியும்தான். எல்லார்க்கும் உண்டு என்பதே அங்கே இரண்டும்.

1967 கோடையில் இளைஞர்கள் பல்லாயிரமாக வந்து குவிய, பேட்டை தாங்கவில்லை. அக்டோபர் 6 அன்று பேட்டைவாசிகளே சவப்பெட்டி சுமந்து, ஹிப்பிக்கு இறுதி ஊர்வலமே நடத்திவிட்டார்கள். முடிவும் நாடகம்தான்.

ஆனாலும் என் மனம் பூங்காவுக்கே திரும்புகிறது. சோறு வாங்க வந்தவருக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள, கயிற்றில் கோத்த குட்டிச் சட்டம் ஒன்றும் கொடுத்தார்களாம். சோறு இரவுக்குள் செரித்துவிடும். அந்தச் சட்டத்தைக் கண்ணருகே தூக்கினால், எந்தத் தெருவும் வேறு தெருவாகத் தெரியும்.