முதலில் பாகவதர், அப்புறம் ஸ்லைடு

ஐப்பசித் தேருக்குக் கல்பாத்தி வரும் பெங்களூரு, மும்பைப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிரசன்டேஷனில் கதை சொல்லப் பழக ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவார்கள். கதாகாலட்சேபம் என்றால் மட்டும் பாட்டிகள் சமாசாரம். கதாகாலட்சேபம் செய்யும் விசாகா ஹரி சார்டர்ட் அக்கவுண்டன்ட் என்பதாவது தெரியுமா?

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கையில் சிப்ளாக்கட்டை, துணைக்குப் பின்பாட்டு, மிருதங்கம், ஹார்மோனியம். பாட்டும் பேச்சும் மாறி மாறி வரும். மராட்டியர் வழி வந்ததை 19-ஆம் நூற்றாண்டில் தமிழுக்குச் செப்பனிட்டவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். ராகம் தெரியாவிட்டால் பாதகமில்லை. போதும்.

கவனிக்க வேண்டியது உபகதை. பாட்டு அமர்க்களம் என்று எழுதிவிட்டுப் போகும் விமர்சகர்கள் இதைத் தொடுவதே இல்லை. துணுக்கு வேறு, உபகதை வேறு. துணுக்கை எடுத்துவிட்டாலும் கதை நடக்கும். உபகதையை எடுத்தால் நொண்டும். குசேலரின் அவலைக் கண்ணன் வாயருகே கொண்டுபோகிறான். பாகவதர் அங்கேயே நிறுத்திவிட்டு வனவாசத்துக்குப் போய்விடுவார். துர்வாசர் சீடர் கூட்டத்தோடு சாப்பிட வருகிறார். திரௌபதி அட்சய பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. விளிம்பில் ஒட்டியிருந்த கீரை இணுக்கைக் கண்ணன் வாயில் போட, ஆற்றில் குளிக்கப் போனவர்கள் அத்தனை பேருக்கும் ஏப்பம். திரும்பித் துவாரகைக்கு வந்தால் கை இன்னும் வாயருகில்தான். ஒரு இணுக்குக்கே அவ்வளவு என்றால் ஒரு பிடிக்கு? கேட்கிறவன் தானே கணக்குப் போட்டுவிடுவான். அடுத்த பிடிக்கு ருக்மிணி ஏன் பதறிக் கையைப் பிடித்தாள் என்று விளக்கவே வேண்டாம்.

இதையே தொழிலுக்குக் கொண்டுபோங்கள். கஞ்சிக்கோட்டில் பட்டறை வைத்திருப்பவர் இரண்டாவது கம்ப்ரஸருக்கு வங்கியில் கடன் கேட்கிறார் என்று வையுங்கள். ஆமை முயலில் ஆரம்பித்தால் கைதட்டு கிடைக்கும், கடன் கிடைக்காது. தொகையைச் சொல்லப் போகும் இடத்தில் நிறுத்தி, இருக்கிற ஒன்று மக்கர் பண்ணிய நாளில் எந்த ஆர்டர் கைவிட்டுப் போனது, எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டுத் தொகைக்குத் திரும்பட்டும். மேனேஜரே கூட்டிக் கழித்துக்கொள்வார். ஹீரோ புறப்பட்டுத் திரும்பும் வட்டப்படத்தைக் காட்டிக் காசு பார்க்கும் பயிற்சியாளர்களுக்கு இது எங்கே தெரிகிறது? அமேசானில் ஜெஃப் பெஸோஸ் 2004-லேயே ஸ்லைடுகளை ஓரங்கட்டி, உரைநடையில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். புல்லட் பாயின்ட்டுகளுக்கு நடுவே 'ஆகவே' இருப்பதில்லையே!

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: முதலில் ஒரு சுமாரான பாகவதரிடம் போங்கள். உபகதைக்குள் புகுந்து வழி தவறி, "அது கிடக்கட்டும்" என்று சமாளித்து வெளியே வருவார். உங்கள் போன மாதப் பிரசன்டேஷனில் அப்படி எத்தனை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். பக்கத்து மாமி முறைத்தால் முறைக்கட்டும்.