புலி ராஜாவைக் கொன்றது யார்?
பள்ளி ஆங்கிலச் சிறுகதைகளில் பாத்திரமும் கருப்பொருளும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது சங்க இலக்கியத்தில் ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். அந்த வகையில் ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்ப்பதற்கு இந்த மலரைப் பயன்படுத்திக்கொள்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். ஒருநாள் மாலை விடைத்தாளோடு வந்து நின்றாள். "தாத்தா, இந்த 'டைகர் கிங்' எழுதின கல்கி, நம்ம பொன்னியின் செல்வன் கல்கியா?" என்றாள். "அவரேதான்மா" என்றேன். "அப்போ இதையும் பாருங்க" என்று தாளை நீட்டினாள்.

மகாராஜாவின் 'கேரக்டர் ஸ்கெட்ச்' எழுதுக என்பது கேள்வி. அவள் எழுதியிருந்ததன் சாரம் இது: ராஜா வீரன்தான், ஆனால் பயந்தவன், அவனைச் சுற்றியிருந்தவர்கள் அவனைவிடப் பயந்தவர்கள், அவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவனைக் கொன்றார்கள். 5க்கு 2 மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில், 'பாயிண்ட்ஸ் இல்லை'. கடையில் விற்கும் கைடு ஒன்றில் அந்தப் பாயிண்டுகள் வரிசையாக இருந்தன: அகங்காரி, பிடிவாதக்காரன், கொடியவன், மனம்போன போக்கில் நடப்பவன், தைரியசாலி.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பேத்தி அடுத்து சொன்னது அந்தக் கோபத்தை அடக்கிவிட்டது. "உங்க பழைய நோட்டுலயும் இதேதான் இருக்கு தாத்தா. நான் எடுத்துப் பாத்தேன்."

உண்மைதான். இந்தக் கதை 'விஸ்டாஸ்' என்ற பாடநூலில் 2007இல் வந்தது. ஓய்வு பெறும்வரை சில ஆண்டுகள் நானும் அதை நடத்தினேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், திருத்துவதற்கு வசதியாக, ஐந்து அடைமொழிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவன் நான். ஆகவே பேத்தியின் ஆசிரியர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இங்கே நான் விமர்சிப்பது என் நோட்டைத்தான்.

அடைமொழிப் பட்டியல்

கல்கி (1899-1954) இந்தக் கதையை எப்படித் தொடங்குகிறார் என்று பார்க்க வேண்டும். பிரதிபந்தபுரம் மகாராஜா ஜிலானி ஜங் ஜங் பகதூரின் பட்டங்கள் ஒரு பெரிய ஊர்வலம்போல் வருகின்றன. பின்னால் ஆங்கில எழுத்துகளில் சில பட்டங்கள். எம்.ஏ.டி. என்பதைச் சேர்த்துப் படித்தால் 'மேட்', அதாவது பைத்தியம். சிரித்துவிட்டு மேலே போய்விடுகிறோம். ஆனால் பட்டியலில் 'சத வியாக்ர சம்ஹாரி' என்று ஒன்றும் இருக்கிறது. நூறு புலிகளைக் கொன்றவன் என்று பொருள். கதையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தால்தான் அது உறைக்கிறது. ராஜா கொன்றது தொண்ணூற்றொன்பதுதான். நூறாவது புலி அவன் சுட்ட குண்டில் சாகவில்லை. அப்படியென்றால் கதையின் வாசலிலேயே ஒரு பொய் அரசாங்கப் பட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

பட்டப் பட்டியலைக் கேலி செய்யத்தான் கல்கி அப்படித் தொடங்கினார். நாமோ பிள்ளைகளை உட்காரவைத்து அதே ராஜாவுக்கு இன்னொரு பட்டியல் எழுதவைக்கிறோம். இதைவிடப் பெரிய 'ஐரனி' கதைக்குள்ளேகூட இல்லை!

பயம் இறங்கும் படிகள்

அடைமொழிகளை ஒதுக்கிவிட்டு, யார் யாருக்குப் பயந்து என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கதையைப் படித்தால் என்ன தெரிகிறது?

ராஜா உடலளவில் கோழை அல்லன். குண்டு தவறியபோது வெறுங்கையோடு புலியோடு போராடியவன். ஆனாலும் புலியால் சாவு என்ற ஜோசியம் அவனை ஆட்டிவைக்கிறது. நூறாவது புலியிடம் எச்சரிக்கை வேண்டும் என்று சொன்ன ஜோசியர் செத்தும் போயாச்சு. அவர் வாக்கு மட்டும் சாகவில்லை. அடுத்து, புலிவேட்டைக்கு வர விரும்பிய வெள்ளைக்கார அதிகாரிக்கு அனுமதி மறுத்ததால் ராஜ்யமே போய்விடுமோ என்ற பயம். துரைசானிக்கு ஐம்பது வைர மோதிரங்கள் போகின்றன. ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புவாள் என்பது கணக்கு. அவளோ அத்தனையையும் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுகிறாள். பில் மூன்று லட்சம் ரூபாய்.

அடுத்த படி திவான். நூறாவது புலி கிடைக்காத ஆத்திரத்தில் ராஜா நிலவரியை இரட்டிப்பாக்கச் சொல்கிறான். ஜனங்கள் கொதிப்பார்கள் என்று திவான் சொல்லிப் பார்க்கிறார். அப்படியானால் வேலையை விட்டுவிடும் என்பது பதில். பாவம், என்ன செய்வார்? சென்னை பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து கொண்டுவந்து வீட்டில் மறைத்துவைத்திருந்த கிழட்டுப் புலியை ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டில் கொண்டுபோய் விடுகிறார். அதற்கும் கீழே வேட்டைக்காரர்கள். ராஜாவின் குண்டு படவில்லை, புலி மயங்கித்தான் விழுந்தது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஆகவே அவர்களில் ஒருவன் சுட்டுக் கணக்கை முடிக்கிறான். புலிக்கு ஊர்வலம் நடக்கிறது, சமாதியும் எழும்புகிறது. எல்லாருக்கும் கீழே பொம்மைக்கடைக்காரன். இரண்டேகால் அணா மரப்புலியை உள்ள விலைக்குச் சொன்னால் தண்டனை வருமோ என்று பயந்து முந்நூறு ரூபாய் என்கிறான். ராஜா அதை இளவரசனுக்குக் கடைக்காரன் தரும் காணிக்கையாக வைத்துக்கொண்டு, காசு கொடுக்காமலே எடுத்துப் போகிறான். செதுக்கத் தெரியாதவன் செய்த அந்தப் பொம்மையின் சிலாம்பு கையில் குத்திச் சீழ் வைக்கிறது. சென்னையிலிருந்து வந்த மூன்று சர்ஜன்கள் ஆபரேஷன் செய்து, அது வெற்றி என்று அறிவிக்கிறார்கள். நோயாளி மட்டும் இல்லை.

துரைக்கு முன்னால் ராஜா எப்படியோ அப்படித்தான் ராஜாவுக்கு முன்னால் திவான், வேட்டைக்காரன், கடைக்காரன். மேலிருந்து பயம் இறங்குகிறது. கீழிருந்து பொய் ஏறுகிறது. என் பேத்தி எழுதியது இதைத்தான். வேட்டைக்காரர்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் ராஜா பிழைத்திருப்பானா? கதை அதைச் சொல்லவில்லை. ஆனால் நூறாவது புலி தீர்ந்துவிட்டது என்ற பொய்தான் அவனுடைய எச்சரிக்கையைக் கழற்றிவைத்தது என்பது கதையிலேயே இருக்கிறது.

தொல்காப்பியர் தரும் சாவி

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று அச்சம். அது தோன்றும் இடங்கள் நான்கு என்கிறார் ஆசிரியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்பது வருத்தும் தெய்வம் முதலியவை. இறை என்பது அரசன்.

இந்தப் பட்டியலை வைத்துக் கல்கியின் கதையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ராஜா பயப்படுவது விலங்குக்கு; குடிகள் பயப்படுவது தம் இறைக்கு. கதையில் ஆளைக் கொல்வது இரண்டாவது பயம்தான். விலங்கோடு வெறுங்கையால்கூடப் போராட முடிந்தது. இறையைப் பற்றிய பயத்தோடு போராட அந்த ராஜ்யத்தில் ஒருத்தரும் இல்லை.

மெய்ப்பாடு என்ற சொல்லே நமக்கு ஒரு பாடம். உள்ளத்தில் இருப்பது மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படுவது அது. பாத்திரம் என்பதும் அப்படித்தான். ஒருவன் கொடியவன் என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. கொடுமை எந்தச் செயலில் வெளிப்பட்டது என்று காட்ட வேண்டும்.

புலிப் பாதுகாப்பு மட்டும்தானா?

கருப்பொருள் என்று கேட்டால் கைடுகள் உடனே வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போய்விடுகின்றன. அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பத்தே வருஷத்தில் எழுபது புலிகளைக் கொன்று, ஒரு ராஜ்யத்தில் புலியே இல்லாமல் செய்தவனின் கதை இது. ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல், புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973இல். கல்கி மறைந்தது 1954இல். இன்றைய கவலையை அன்றைய கதையில் வாசிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதையே முழுக் கருப்பொருளாக்கினால் திவானும் கடைக்காரனும் கதையில் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இராது. ஒரு கதையின் பாதி ஆட்களை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லும் 'தீம்' எதுவானாலும் அது குறைப்பட்டதுதான்.

இதே சங்கதி பத்தாம் வகுப்பில் வைக்கப்பட்ட மாப்பசானின் 'நெக்லஸ்' கதைக்கும் பொருந்தும். 1884இல் வெளிவந்த பிரெஞ்சுக் கதை. மெட்டில்டா பேராசைக்காரி, இருப்பதைக் கொண்டு திருப்தியாக வாழ வேண்டும் என்பது நீதி. என் நோட்டிலும் அப்படித்தான். ஆனால் இரவல் நகை தொலைந்ததும் நடப்பது என்ன? கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்து தருகிறோம் என்று தோழிக்கு எழுதச் சொல்கிறான் கணவன். அங்கேயும் பயம், அங்கேயும் பொய். முப்பத்தாறாயிரம் பிராங்குக்குப் புது நகை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்துக் கடனை அடைக்கிறாள். பழைய நகை போலி, ஐந்நூறு பிராங்குகூடப் பெறாது என்று கடைசியில்தான் தெரிகிறது. பேராசைக்காரி என்ற ஒரே சொல்லில் அந்தப் பத்து வருஷ உழைப்பு எங்கே போயிற்று? ஒருவரையும் ஏமாற்றாமல் கடன் அடைத்த பெண்ணுக்கு நாம் கொடுத்த அடைமொழி அதுவா?

கேட்க வேண்டிய கேள்விகள்

இப்போது பேத்திக்கு நான் மூன்று கேள்விகள் கொடுத்திருக்கிறேன். இந்த ஆள் எதை விரும்பினான்? எதற்குப் பயந்தான்? அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டபோது என்ன செய்தான்? மூன்றுக்கும் கதையிலிருந்து ஒவ்வொரு சம்பவம் காட்டினால் பாத்திரம் கிடைத்துவிடும். இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு இப்படிச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கருப்பொருள் தானே எழுந்து வரும். பரீட்சைக்காக இன்னொன்றும் சொன்னேன்: திருத்துகிறவர் தேடும் சொல்லை முதல் வரியில் வை, அதை மெய்ப்பிக்கும் செயலை இரண்டாம் வரியில் வை.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ நானும் அந்தக் கடைக்காரன் மாதிரி பயந்துபோய் விலையை ஏத்திச் சொல்லணுமா தாத்தா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. தம் இறை என்பதை அரசனோடு நிறுத்த வேண்டியதில்லை. வகுப்பறையில் ஆசிரியரும் மதிப்பெண்ணும்தான் இறை. முப்பது ஆண்டுகள் என்னிடம் வந்த விடைத்தாள்களில் எத்தனை பிள்ளைகள் கதையைப் படித்து எழுதினார்கள், எத்தனை பேர் எனக்குப் பயந்து என் நோட்டை எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள்? அவற்றுக்கெல்லாம் 5க்கு 4 போட்டு, வகுப்பு நன்றாக நடக்கிறது என்று நானும் திருப்தியாகத்தான் இருந்தேன். நூறு புலியும் தீர்ந்தது என்று அந்த மகாராஜா நம்பிய மாதிரி.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'புலி ராஜா' தமிழில் சுலபமாகக் கிடைக்கிறது. ஆங்கிலப் பாடமாக அந்தக் கதை உங்கள் வீட்டுக்கு வந்தால், கைடைத் திறப்பதற்கு முன்னால் மூலத்தை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிள்ளை எந்த இடத்தில் சிரிக்கிறது என்று கவனியுங்கள். ஏன் சிரித்தாய் என்று மட்டும் கேளுங்கள். அது சொல்லும் பதிலைத் திருத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.