மைதானத்துக்குப் போனால் போதுமா?

2024 அக்டோபர் தொடக்கத்தில் திருச்சியின் பள்ளி, கல்லூரிகள் பலவற்றுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. மோப்ப நாயோடு போலீஸார் வந்து தேடினார்கள், எதுவும் சிக்கவில்லை. அது புரளி. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளிலும் இதேதான் நடந்தது. புரளி என்று தெரியவருவதற்கு முந்தைய அந்த நேரத்துக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த நம்மிடம் இருப்பது ஒத்திகை ஒன்றுதான். மணி நீளமாக அடிக்கும். வரிசையாக மைதானத்துக்குப் போக வேண்டும். வகுப்பாசிரியர் தலை எண்ணுவார்.

ஸ்ரீரங்கத்தில் வாழ்கிறவர்கள் இந்தப் பழக்கத்தை அலட்சியமாகப் பேசிவிட முடியாது. 2004 ஜனவரி 23 அன்று இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. எந்த வழியாக இறங்குவது என்பது காலுக்குப் பழகியிருக்க வேண்டும். புகை சூழ்ந்த பிறகு யோசிக்க முடியாது. ஒத்திகையின் பலம் அதுதான். அது பெரிய பலம்.

ஆனால், தீயிலிருந்து தப்பிக்க வகுத்த அதே வரிசையை வன்முறைக்கும் பொருத்துகிறோம். அரிவாளோடு ஒருவன் தாழ்வாரத்தில் நிற்கும்போது மணியடித்து எல்லோரையும் வெளியே அழைப்பது ஆபத்து. அப்போது கதவைத் தாழிட்டு உள்ளே இருக்க வேண்டும். பல வகுப்பறைகளுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழுமா என்பதையே யாராவது பார்த்திருக்கிறார்களா, தெரியவில்லை.

அதற்காக அமெரிக்காவைப் போலத் துப்பாக்கிச் சத்தம் எழுப்பி, பிள்ளைகளை மேசைக்கடியில் ஒளியவைக்கும் பயிற்சியை இங்கே கொண்டுவந்துவிடக் கூடாது. அங்கே 114 பள்ளிகளைச் சேர்ந்தவர்களின் சமூக ஊடகப் பதிவுகளை ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அலசினார்கள். பயிற்சிக்குப் பிந்தைய 90 நாட்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் 39 விழுக்காடும் பதற்றத்தின் அறிகுறிகள் 42 விழுக்காடும் கூடியிருந்தன. முன்கூட்டியே சொல்லி, நிதானமாக, நாடகம் எதுவும் இல்லாமல் கதவடைக்கப் பழக்கினாலே போதும்.

ஒத்திகையில் முழுக்க விடுபட்டுப்போகிறவர்கள் பெற்றோர். ஸ்ரீரங்கம் தீவிலிருந்து எத்தனை பிள்ளைகள் காவிரியைத் தாண்டித் தெப்பக்குளம், கன்டோன்மென்ட் பக்கம் படிக்கப் போகிறார்கள்! வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் அம்மாவும் தாத்தாவும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்துக்குத்தான் விரைவார்கள். வாசலில் கூட்டம் நெருக்கியடிக்கும்போது எந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தோம் என்ற கணக்கு தவறிப்போகும். பெற்றவர்களின் தவிப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எங்கே வந்து நிற்க வேண்டும், யார் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை அழைத்துப்போகலாம், தகவல் எந்த எண்ணிலிருந்து வரும் என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லிவைக்கவில்லையே!

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மீது விழுந்த வெட்டுகளுக்கு முன்கதை இருந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பட்டியலின மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்பே சாதித் துன்புறுத்தல் தாங்காமல் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புச் சிறுவன் சக மாணவனை வகுப்பறையிலேயே வெட்டினான். தடுக்க வந்த ஆசிரியைக்கும் காயம். பென்சிலில் தொடங்கிய பழைய சண்டை அது என்றது காவல்துறை. அரிவாள் வந்தது புத்தகப் பையில். இந்த இரண்டையும் எந்த மணியும் தடுத்திருக்காது. யாரிடமாவது சொல்லியிருந்தால், கேட்டவர் அதைப் பொருட்படுத்தியிருந்தால், தடுத்திருக்கலாம்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளிகளுக்கு நல அலுவலர்கள் வேண்டும் என்றது. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதியிருக்கிறது. ஆனால் ‘அவன் பையில் கத்தி வைத்திருக்கிறான்’ என்று சொல்கிற பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்கிற பட்டம் ‘கோள்மூட்டி’. ஆசிரியர்களும் சிலசமயம் அப்படித்தான் பார்க்கிறார்கள். சொன்னவன் பெயர் வெளியே வராது என்ற உறுதியை ஒத்திகை நாளன்று தலைமையாசிரியரே எல்லா வகுப்புக்கும் போய்ச் சொல்லட்டும். அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கட்டும்.