வேணும், வேணாம்: ராசா ஆவணத்தில் தமிழ் எங்கே?

ராசா என்பது உரையாடும் பாட்களைக் கட்டுவதற்கான ஒரு கருவி. பெர்லினில் தொடங்கிய நிறுவனம், பைத்தானில் எழுதிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் ஆவணத்தை ஒரு புத்தகத்தைப் போல முழுக்க வாசித்துப் பார்த்ததில் தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன். மென்பொருளுக்குத்தான் விமர்சனம் எழுத வேண்டுமா என்ன? நம்மில் பலருக்கு ஒரு கருவி என்பதே அதன் ஆவணம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். பயனர் என்ன கேட்கிறார் என்பது இன்டென்ட், அதற்குள் இருக்கும் ஊர், தேதி போன்ற விவரம் என்டிட்டி, பேச்சு போகும் வழி ஸ்டோரி, மாறாத வழி ரூல். இந்த நாலையும் யாமல் கோப்புகளில் எப்படி எழுதுவது என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறது. கற்பனையில் வாக்கியம் எழுதாதீங்க, நிஜ ஆட்கள் பேசுவதிலிருந்து எடுங்க என்று ஒரு தனிப் பகுதியே இருக்கு. இது அனுபவப்பட்டவர்கள் எழுதியது.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். இங்கே நிஜ ஆட்கள் எப்படிப் பேசுவாங்க? 'நாளைக்கு நைட் ஷிஃப்ட் வேணாம்', 'ஞாயித்துக்கிழமை ஓட்டி வேணும்'. ஆந்திர எல்லை பக்கத்தில் என்பதால் தெலுங்கும் கலக்கும். வடக்கிலிருந்து வந்தவர்களின் இந்தியும் ஒடியாவும் தனி. ஆக ஆவணத்தில் நான் முதலில் தேடியது மொழி பற்றிய பக்கத்தை. எந்த மொழியிலும் செய்யலாம், முன்பே பயிற்றுவித்த சொல் திசையன்கள் இல்லாவிட்டாலும் உங்கள் தரவிலிருந்தே கற்றுக்கொள்ளும் என்கிறது அது. சந்தோஷம்.

அடுத்து டோக்கனைசர் பக்கம். வாக்கியத்தைச் சொற்களாக வெட்டும் பாகம் இது. ஆங்கில ஏ முதல் இசட், 0 முதல் 9, அடிக்கோடு, ஹேஷ், அட், ஆம்பர்சண்ட் ஆகியவை தவிர மற்ற குறிகள் சில இடங்களில் வந்தால் வெற்றிடமாக மாற்றப்படும் என்று விளக்கம். அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழ் எழுத்து ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. நிரல் அப்படி நடப்பதில்லை. அது யூனிகோட் முறையில் 'எழுத்து எது' என்று பார்க்கிறது. ஆவணம் ஒன்று சொல்ல, நிரல் வேறொன்று செய்கிறது.

சரி, 'எழுத்து எது' என்பதில் என்ன சிக்கல்? பைத்தானுடன் வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம் மெய்யையும் உயிரையும்தான் எழுத்து என்று எண்ணும். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'ஒட்டுக்குறி' வகை, அவற்றை விட்டுவிடும். நீங்களே போட்டுப் பாருங்க. 'வேணும்' என்று கொடுத்தால் வ, ண, ம என்று மூன்று துண்டு வரும். 'வேணாம்' கொடுத்தாலும் அதே வ, ண, ம. ஓவர்டைம் கேட்டவரும் வேண்டாம் என்றவரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறார்.

இதே வகைக் கோளாறு ராசாவிலும் இருந்து, சரி செய்யப்பட்டிருக்கிறது. 2020இல் வந்த 1.10 வரிசையின் மாற்றக் குறிப்புகளில், வெற்றிட டோக்கனைசர் இனி இந்தியின் உயிர்க்குறிகளை நீக்காது என்று ஒரே ஒரு வரி. இதற்காக மாற்றிய நூலகம் ஒட்டுக்குறியையும் எழுத்தாக எண்ணுவதால் தமிழுக்கும் பலன் உண்டு. ஆனால் 'இந்தி' என்று மட்டும் இருக்கும் அந்த வரியைத் தேடிப்போய்ப் படிக்கும் தமிழ்ப் பயனர் எத்தனை பேர்?

இன்னொன்று வேற்றுமை உருபு. 'கும்மிடிப்பூண்டிக்கு', 'திருவள்ளூர்ல' என்று சொல்லோடு ஒட்டித்தான் வரும். ஊர்ப் பெயரை மட்டும் என்டிட்டியாகக் குறித்தால் டோக்கன் எல்லையோடு பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். முழுச் சொல்லையும் குறித்துவிட்டு, இணைச்சொல் பட்டியல் வழியாக மூலப் பெயருக்குத் திருப்பலாம். எழுத்துத் துண்டுகளாகப் பார்க்கும் ஃபீச்சரைசரும் உருபு மாற்றங்களைச் சமாளிக்க உதவும். இரண்டுமே ஆவணத்தில் இருக்கு, வேறு வேறு பக்கங்களில். உருபு ஒட்டும் மொழிக்காரர்களே, இங்கே வாங்க என்று மொழிப் பக்கத்தில் ஒரு சுட்டி இல்லை.

இப்போதுதான் பெரிய மொழி மாதிரிகள் வந்தாச்சே, ராசாவே கால்ம் என்ற முறைக்குப் போயாச்சே, இந்தப் பழங்கதை எதுக்கு என்று கேட்கலாம். கேள்வி மாறவில்லை. 'எந்த மொழியும்' என்று எழுதும்போது எதை எதைச் சோதித்தீர்கள்? 'வேணும்' 'வேணாம்' இரண்டையும் பிரித்துக் காட்டியதா? ஜோசப் வைசன்பாம் 1966இல் எலிசா பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, அது பேசப் பயன்படுத்திய ஸ்கிரிப்டையும் பின்னிணைப்பாக அச்சிட்டார். மூல நிரல் எம்ஐடி காப்பகத்திலிருந்து 2021இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பே அந்தக் கட்டுரையை வைத்துப் பலர் எலிசாவை மறுபடி எழுதிவிட்டார்கள். ஆவணம் என்றால் அந்த அளவுக்குக் கைகொடுக்கணும்.

ஒரு பக்கம் போதும். மொழிவாரியாகச் சோதித்த வாக்கியங்கள், வெட்டியபின் வந்த டோக்கன்கள், தெரிந்த குறைகள். ராசா எழுதாவிட்டாலும் தமிழில் பாட் கட்டும் நாம் எழுதலாம்; முதல் வரிசையில் 'வேணும்', 'வேணாம்' இரண்டையும் போடுங்க.